நாட்டின் குளிரும் வீட்டின் வெப்பப் பம்பியும்

நீர் மேட்டினின்றும் பள்ளத்தை நோக்கி ஓடுதல் போல, வெப்பமும் சூடான இடத்தினின்றும் குளிர்ந்த இடத்தை நோக்கியே தானாகச் செல்லும். பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொணர வேண்டுமாயின் உழைப்பு வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கிணற்று நீரை முற்காலத்தில் துலாவாலும் இற்றைநாளிற் பம்பியாலும் இறைப்பது அவ்வுழைப்பேயாம். குளிர்ந்த வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான வீட்டினுள்ளே சேர்க்கும் கருவி வெப்பப் பம்பி எனப் பெயர் பெற்றதும் இவ்வொப்புமை பற்றியே.

உறைபனிக் காலத்துக் காற்றில் வெப்பம் ஏது எனச் சிலர் ஐயுறுவர். தனிப்பூச்சியம் எனப்படும் வெப்பநிலை சதமவளவையில் −273 பாகையாகும். அதற்கு மேற்பட்ட நிலையிலுள்ள எப்பொருளிலிருந்தும் வெப்பத்தைப் பெறலாம். பெறுதற்கு வேண்டிய உழைப்பே கூடுவதும் குறைவதும். வீட்டிலுள்ள குளிரேற்றியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். உள்ளேயுள்ள உணவினின்றும் எடுக்கப்பட்ட வெப்பமே பின்புறத்தில் வெளிப்படுகின்றது. வெப்பப் பம்பியும் அத்தகையதே. எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் வெளியேயுள்ள குழாய்ச் சுருளில், தாழ்ந்த அமுக்கத்தில், காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகின்றது. மின்னால் இயங்கும் அமுக்கி அவ்வாவியை நெருக்க, அதன் வெப்பநிலை உயர்கின்றது. பின்பு அது வீட்டினுள்ளே ஒடுங்கித் திரவமாகி, தான் கொண்ட மறைவெப்பத்தை அங்கே விடுகின்றது. ஒடுங்கிய திரவம் ஒரு குறுகிய வாயிலினூடே சென்று அமுக்கம் தாழ்ந்து, மீண்டும் வெளியே போகின்றது.

இக்கருத்து புதியதன்று. பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824 இல் வெப்ப எந்திரங்களின் எல்லையை ஆராய்ந்தார். அவ்வெந்திரத்தை எதிர்முறையில் இயக்கிக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்பதை, பின்னர் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் 1852 இல் எடுத்துக்காட்டினார். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபத்திலே, லிம்மாற் ஆற்றுநீரின் வெப்பத்தைப் பயன்படுத்தும் பம்பி 1938 இல் இயங்கியது.

ஓரலகு மின்சக்தியைக் கொண்டு எத்தனை அலகு வெப்பம் பெறலாம் என்பதைக் காட்டும் எண் செயற்றிறன் குணகம் எனப்படும். சாதாரண மின்சூடாக்கிக்கு அது ஒன்றே. வெப்பப் பம்பிக்கு அதன் மேலெல்லையைக் கார்னோவின் விதி வகுக்கின்றது: வெப்பம் சேர்க்கப்படும் இடத்தின் தனிவெப்பநிலையை, இரு இடங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டினால் வகுக்க வேண்டும். பம்பி 35 பாகையில் வெப்பத்தைத் தர, வெளியே 5 பாகை நிலவுமாயின், 308 ஐ 30 ஆல் வகுக்க ஏறக்குறைய 10 வரும். வெளியே −15 பாகையாயின், 308 ஐ 50 ஆல் வகுக்க 6 அளவே வரும். உண்மைக் கருவிகள் இவ்வெல்லையிற் பாதியளவையோ அதனினும் குறைந்ததையோ எட்டுவன. ஆயினும் வெளிக்குளிர் மிக மிகப் பயன் குறையும் என்ற விதி அவற்றுக்கும் பொருந்தும். வீட்டினுள்ளே சூடான காற்றுக்குப் பதிலாக 55 பாகைச் சுடுநீரை வேண்டும் பழைய குழாய் அமைப்பு இருப்பின், வேறுபாடு இன்னும் பெருகிப் பயன் மேலும் குறையும்.

இங்கே தோன்றும் இடர்ப்பாடு யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. கோடையிலே தோட்டத்துக்கு நீர் மிக வேண்டப்படும். அப்பொழுதுதான் கிணற்று நீரும் கீழிறங்கி நிற்கும். குளிர்நாட்டு வீட்டுக்கும் நிலைமை அவ்வாறே. வெப்பம் மிக வேண்டப்படும் இரவிலேதான் அதனை எடுக்கும் ஊற்று ஆழத்திற் கிடக்கின்றது. கருவி தரும் வெப்பத்தின் அளவும் அப்பொழுதுதான் சுருங்குகின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபடுந்தோறும் 200 வாற்று வெப்பத்தை இழக்கும் வீடு ஒன்று உள்ளே 20 பாகையில் வைக்கப்படுகின்றது என்று கொள்க. வெளியே 8 பாகையாயின் அதற்கு 2.4 கிலோவாற்று போதும். −15 பாகையாயின் 7 கிலோவாற்று வேண்டும். 8 பாகையில் 8 கிலோவாற்றுத் தரும் கருவி −15 பாகையில் 5 கிலோவாற்றே தருமாயின், ஏறக்குறைய −9 பாகையில் தேவையும் வழங்கலும் சமமாகும். இதனைச் சமநிலைப் புள்ளி என்பர். அதற்குக் கீழே துணைச் சூடாக்கி இன்றியமையாதது. ஆனால் அவ்வீட்டின் வெடிப்புகளை அடைத்து, கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பிட்டு, இழப்பை 150 வாற்றாகக் குறைத்தால், அதே கருவி −14 பாகை வரையும் தனித்தே தாங்கும். ஆதலின் பெரிய பம்பியை நாடுமுன் வீட்டைச் செப்பனிடுதல் முறையாகும்.

காலநிலைக்கேற்பத் தெரிவு எவ்வாறு மாறும் என்பதற்குக் கனடா நல்லதோர் எடுத்துக்காட்டு. பசிபிக் கரையிலுள்ள வன்கூவரில் சனவரி மாதத்துச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகை. அங்கே சாதாரணக் காற்றுவழிப் பம்பியே பெரும்பாலும் போதும். எனினும் மழைக்கால ஈரம் வெளிச்சுருளிற் பனியாய்ப் படியும். அதனை உருக்கக் கருவி இடையிடையே எதிர்முறையில் இயங்குதல் வேண்டுமாதலின், அவ்வேற்பாடும் நீர் வடியும் வசதியும் செம்மையாய் இருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தினின்றும் சென்றோர் பலர் வாழும் ரொறன்ரோவில் சனவரிச் சராசரி −4 பாகையளவில் நிற்கும். சில இரவுகளிலோ −20 பாகைக்கு அணித்தாய் இறங்கும். வேகத்தை மாற்றி இயங்கும் அமுக்கியையுடைய கடுங்குளிர்ப் பம்பியே அங்கு ஏற்றது. முன்னரே எரிவாயு உலை உள்ள வீட்டில் அதனை நீக்காது, சமநிலைப் புள்ளிக்குக் கீழே துணையாக வைத்துக்கொள்வதும் உண்டு. அந்நகரின் கோடை வெப்பமும் ஈரமும் மிக்கது. பம்பியை எதிர்முறையில் இயக்கி வீட்டைக் குளிர்விக்கலாம். ஆனால் அளவுக்கு மிஞ்சிய பெரிய கருவி அடிக்கடி இயங்கி நின்று, ஈரத்தை நன்கு அகற்றாது விடும். பெரிதே நல்லது என்னும் எண்ணம் இங்கே பிழைபடுகின்றது.

உள்நாட்டுச் சமவெளியிலுள்ள வினிப்பெக்கின் சனவரிச் சராசரி −16 பாகையளவு. −30 பாகை இரவும் அங்கு அரிதன்று. அங்கே காற்றை மட்டும் நம்புதல் தகாது. சில மீற்றர் ஆழத்து மண் மாரியிலும் உறைநிலைக்கு மேலேயே நிற்பதால், நிலத்துட் புதைத்த குழாய்களில் உறையாத் திரவத்தைச் சுழலவிட்டு வெப்பம் பெறும் நிலவழிப் பம்பி பயன் தரும். நிலத்தைத் துளைக்கும் செலவு மிகுதியாயினும், கடுங்குளிரிலும் அதன் பயன் பெரிதுங் குறையாது. அச்செலவை ஏற்கவியலாதோர் காற்றுவழிப் பம்பியுடன், வீட்டின் முழுத் தேவையையும் தாங்கவல்ல துணைச் சூடாக்கியை வைத்தல் வேண்டும்.

ஆகவே, விற்போர் காட்டும் ஒற்றை எண்ணைக் கண்டு கருவியைத் தெரிதல் தவறாகும். அவ்வெண் பெரும்பாலும் 8 பாகை போன்ற மென்குளிரில் அளக்கப்பட்டது. தம் ஊரின் மிகக் குளிர்ந்த இரவு எத்தகையது, அவ்விரவில் தம் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கும், அதே இரவில் இக்கருவி எவ்வளவு தரும் என்னும் மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். இம்மூன்றையும் அறியாதார் மாரி நடுவிற் குளிரால் நடுங்குவர். அன்றேல் மின்கட்டணத்தால் வருந்துவர். மாரியிலே நிரம்பிய கிணற்றைப் பார்த்து எவரும் துலாக்கயிற்றை அளந்ததில்லை. கோடையில் நீர் எவ்வளவு இறங்கும் என்பதை அறிந்தே அளந்தனர்.