வாசலில் தொடங்கும் வரவு செலவு



நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த பேரூர் ஆழ்வார்திருநகரி. பொதிகையில் பிறந்த ஆறு புன்னைக்காயலில் கடலைச் சேருமுன் கடக்கும் கடைசி ஊர்களுள் இதுவும் ஒன்று. மேற்கே ஆற்றில் எறியப்படும் யாவும் கீழே உள்ளவர்களைத் தேடித்தான் வரும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய பெருமழையை எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால், சிறு மழைக்கே தெருவில் நீர் தேங்குமாயின், வடிகாலை அடைத்திருப்பது நாம் வீசிய பையாகவும் இருக்கலாம் அல்லவா?

"குப்பை அள்ளுவது பேரூராட்சியின் கடமை, அதற்குத்தானே வரி செலுத்துகிறோம்?" என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் பணம் வரும் வழியையும் போகும் வழியையும் சற்றுப் பார்ப்போம்.

மத்திய அரசு 2016 ஏப்ரலில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கப் பணித்தன. பயன்பாட்டுக் கட்டணம் வசூலிக்கவும் உள்ளாட்சிகளுக்கு வழி வகுத்தன. 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குச் சிறு நகரங்களின் மானியத்தில் 30 விழுக்காட்டைத் துப்புரவுக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும் உரியதாக்கியது. நெகிழி உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் அவ்வுறைகளின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதிக்கு, 2022 பிப்ரவரியில் ஆண்டுவாரி இலக்குகளும் வகுக்கப்பட்டன.

சட்டம் இருக்கிறது, நிதிக்கு வழியும் இருக்கிறது. பின் குறை எங்கே? கலந்த குப்பையில்தான்.

மீன் செதிலும் சோறும் ஒட்டிய பால் உறையைப் பழைய பொருள் வியாபாரி வாங்கமாட்டார். கண்ணாடித் துண்டு கலந்த காய்கறித் தோல் நல்ல உரமாகாது. இரண்டும் குப்பைக் கிடங்கில் குவியும். ஏற்றிச் செல்ல ஒரு செலவு; பின்னாளில் அந்த மேட்டைத் தோண்டிச் சலித்து அகற்ற மறு செலவு. 2021இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம், பழைய குப்பைமேடுகளை அகற்றுவதையே தன் பெரும் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஒரே குப்பைக்கு நம் பணம் இருமுறை செலவாகிறது! பிரித்துக் கொடுத்தாலோ, பேரூராட்சிகளின் வளம் மீட்புப் பூங்காக்களில் அதுவே உரமாகவும் விலைபோகும் பொருளாகவும் மாறும்.

பணம் மட்டுமா? நாம் மறைத்து எறியும் பிளேடு, தூய்மைப் பணியாளரின் விரலைத்தான் தேடிச் செல்கிறது.

தாய்மார்களே! அடுக்களையில் இரு வாளிகள் போதும். காலாவதியான மருந்தையும் பழைய பேட்டரியையும் தனிப் பையில் சேருங்கள். அணையாடைகளைத் தாளில் பொதிந்து தனியே கொடுங்கள். குர்பானிக் கழிவை ஆற்றங்கரையில் கொட்டாமல், முன்கூட்டியே பேரூராட்சியிடம் சொல்லி வண்டி வரவழையுங்கள்.

ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் பிள்ளைகள் ஓடிய காலம் நினைவிருக்கிறதா? 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் நெகிழிப் பைகளுக்குத் தமிழக அரசு விதித்த தடை, அந்தத் தூக்குவாளியைத்தான் திரும்பக் கேட்கிறது.

தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசும் நாம், அதைப் பேச்சோடு நிறுத்தலாமா? அரசு நிதி ஒதுக்கலாம், வண்டி அனுப்பலாம். பிரித்துப் போடும் கை நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.