டவர் இல்லாத நேரத்திலும் தெருவுக்குள் பேசலாம்: மெஷ் வலையமைப்பு ஓர் அறிமுகம்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மின்சாரம் போனது. அடுத்து செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கையில் விலை உயர்ந்த போன் இருந்தும், பக்கத்துத் தெருவில் இருக்கும் உறவினர் நலமா என்று கேட்க வழி இல்லாமல் போனது. அந்நாட்களில் அமெச்சூர் வானொலி வைத்திருந்தவர்கள்தான் பல இடங்களில் தகவல் கொண்டு சேர்த்தார்கள்.

வெள்ளம் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூர் அணையின் உபரிநீர் காவிரியில் திறந்துவிடப்பட்டபோது, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் நீர் புகுந்து, குடும்பங்கள் முகாம்களுக்குச் சென்றதை நம் சேலம், நாமக்கல் மாவட்ட மக்கள் அறிவார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் டவர் நின்றுவிட்டால், ஒரு மஹல்லாவுக்குள்ளாவது தகவல் போய்வர வழி உண்டா? உண்டு. நம் வீடுகளில் இருக்கும் கணினிகளையும் பழைய வைஃபை ரவுட்டர்களையும் கொண்டே அதைச் செய்யலாம். அதற்குப் பெயர் மெஷ் வலையமைப்பு. அது எப்படி இயங்குகிறது, எப்படி அமைப்பது, எதில் கவனம் தேவை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அட்-ஹாக் வேறு, மெஷ் வேறு

வழக்கமான வைஃபையில் எல்லாக் கருவிகளும் ஒரு ரவுட்டரிடம் மட்டுமே பேசும். ரவுட்டர் நின்றால் எல்லாம் நிற்கும். பக்கத்து வீட்டுக்கு நாம் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகூட, எங்கோ தொலைவில் இருக்கும் சர்வர் வரை போய்த்தான் திரும்பி வருகிறது. வழியில் ஓரிடம் அறுந்தாலும் அந்தச் செய்தி வராது.

ரவுட்டர் நடுவில் இல்லாமல் இரண்டு கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறை அட்-ஹாக். 1997இல் வெளியான 802.11 என்ற முதல் வைஃபை தரநிலையிலேயே இது இடம்பெற்றது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. பள்ளிவாசலில் ஒரு கணினி, மத்ரஸாவில் ஒன்று, தெருக்கோடி வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பள்ளிவாசல் கணினிக்கு மத்ரஸா எட்டும். மத்ரஸாவுக்குத் தெருக்கோடி வீடு எட்டும். ஆனால் பள்ளிவாசலுக்குத் தெருக்கோடி வீடு எட்டாது. வெறும் அட்-ஹாக் முறையில் இந்த இரண்டும் பேசிக்கொள்ள முடியாது. நடுவில் இருக்கும் மத்ரஸா கணினி, தனக்கு வராத செய்தியை வாங்கி அடுத்தவருக்குத் தள்ளிவிடாது.

அந்தத் தள்ளிவிடும் வேலையைச் சேர்ப்பதுதான் மெஷ். ரமலானில் நோன்புக் கஞ்சிக் கிண்ணம் வரிசையில் கைமாறிக் கடைசி ஆள் வரை போவது போல, செய்தி ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகும். நடுவில் ஒருவர் எழுந்து சென்றுவிட்டால் கிண்ணம் வேறு கை வழியாகப் போகும் அல்லவா? அதுபோல ஒரு கணினி நின்றாலும் செய்தி வேறு வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

இந்த வழி தேடும் வேலையைச் செய்யும் மென்பொருள்களில் ஒன்று பேட்மேன். ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வலையமைப்பினர் இதை உருவாக்கினார்கள். அதன் மேம்பட்ட வடிவம் 2011 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. அதே ஆண்டில் 802.11எஸ் என்ற மெஷ் தரநிலையும் வெளியானது.

நம் நாட்டில் செய்து பார்த்தவர்கள்

2005 ஜனவரியில் மத்திய அரசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளைக் கட்டடத்துக்கு வெளியிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. அடுத்த மாதமே இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் ஒரு சமூக மெஷ் வலையமைப்பு தொடங்கியது. கடையில் கிடைத்த சாதாரண ரவுட்டர்களின் மென்பொருளை மாற்றி, வெயிலும் மழையும் தாங்கும் பெட்டிகளில் வைத்து, மலைச்சரிவில் இருந்த பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைத்தார்கள். அந்த மாத இறுதிக்குள் 8 வளாகங்கள் இணைந்தன. பிறகு அது 30க்கும் மேற்பட்ட முனைகளாக வளர்ந்தது. மலைப்பாதையில் கம்பி இழுப்பது கடினமாக இருந்ததால் கம்பியில்லா வழி கைகொடுத்தது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நெருங்கிய முன்மாதிரி ஒன்று உண்டு. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சிற்றூர்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் மருத்துவமனையுடன் இணைத்தது. கிராமத்தில் இருக்கும் நோயாளி, தேனியில் இருக்கும் மருத்துவரிடம் வீடியோ வழியாகப் பேசினார். அது முழுமையான மெஷ் அல்ல. இரு முனைகளில் எதிரெதிரே திருப்பி வைத்த ஆன்டெனாக்களைக் கொண்ட நேர் இணைப்பு. சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை நீண்டன.

ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்ட அனுபவம் நமக்குப் பெரிய பாடம். வலையமைப்பைத் தொல்லைப்படுத்தியது வானொலி அலைகளைவிட மின்சாரம்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் கருகின, பழுதாயின. இரண்டாவது, பழுது என்ன என்று கண்டறிய ஊரில் ஆள் இல்லாதது. உள்ளூர்ப் பணியாளர்கள் பழகிய பிறகே அது நிலைத்து நின்றது. கருவியை வாங்கி மாட்டுவது ஒரு நாள் வேலை. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் உண்மையான வேலை.

கணினியில் அமைக்கும் முறை

விண்டோஸ் 7இல் அட்-ஹாக் இணைப்பை உருவாக்கும் வசதி நேரடியாகவே இருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். எனவே லினக்ஸ்தான் ஏற்றது. உபுண்டு, டெபியன் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் செய்துவிடலாம். படிகள் இவை:

1. கணினியின் வைஃபை அட்டை இதை ஏற்குமா என்று பாருங்கள். லினக்ஸில் 'ஐடபிள்யூ' என்ற கருவி, அட்டை ஏற்கும் முறைகளைப் பட்டியலிடும். அதில் 'ஐபிஎஸ்எஸ்' என்று இருந்தால் அட்-ஹாக் முடியும். 'மெஷ் பாயிண்ட்' என்று இருந்தால் 802.11எஸ் முடியும். இரண்டும் இல்லையென்றால், இவற்றை ஏற்கும் யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருக வேண்டும். ஏதெரோஸ் சிப் உள்ள பல பழைய அட்டைகள் இதற்கு நன்கு ஒத்துழைக்கின்றன.

2. அந்த அட்டையை நெட்வொர்க் மேனேஜரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவியுங்கள். இல்லையென்றால் அது இடையில் புகுந்து வேறு வைஃபையைத் தேடிக்கொண்டே இருக்கும்.

3. எல்லாக் கணினிகளிலும் ஒரே வலைப்பெயர், ஒரே சேனல் கொடுங்கள். சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்று நல்லது. இவை ஒன்றோடொன்று மோதுவதில்லை. சேனல் மாறினால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

4. பேட்மேன் மென்பொருளை இயக்கி, வைஃபை அட்டையை அதனுடன் இணையுங்கள். அது உருவாக்கும் புதிய இணைப்புக்கு முதல் கணினியில் 10.10.0.1, அடுத்ததில் 10.10.0.2 என்று தனித்தனி முகவரி கொடுங்கள். ஒரே முகவரி இருவருக்கு வரக்கூடாது.

5. சோதித்துப் பாருங்கள். மூன்று கணினிகளைத் தொலைவாக வைத்து, முதலாவதிலிருந்து மூன்றாவதற்குப் 'பிங்' அனுப்புங்கள். பதில் வந்தால் நடுக்கணினியை அணையுங்கள். பதில் நின்றுவிட வேண்டும். நான்காவது கணினியை வேறொரு பக்கத்தில் இடையில் வைத்தால், சற்று நேரத்தில் பதில் மீண்டும் வர வேண்டும். அப்படி வந்தால் உங்கள் மெஷ் உயிர்பெற்றுவிட்டது.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அட்-ஹாக் முறை கிடையாது. எனவே ஒவ்வொரு முனையிலும் மெஷ்ஷுக்கு ஒன்று, போன்களுக்கு வழக்கமான வைஃபை ஒன்று என இரண்டையும் இயக்க வேண்டும். இதற்குக் கணினியைவிட ரவுட்டர் வசதி. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்கும் பழைய ரவுட்டர் இருந்தால், அதுவே ஒரு முனையாகிவிடும். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். ஒரு கணினியில் மட்டும் உரையாடல் சர்வரை நிறுவிவிட்டால், தெருவில் உள்ளவர்கள் போனிலிருந்தே இணையம் இல்லாமல் செய்தி பரிமாறலாம். பள்ளிவாசல் அறிவிப்புகள், பிள்ளைகளின் பாடக் கோப்புகள் ஆகியவற்றையும் அதில் வைக்கலாம்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒரே வைஃபை அட்டை கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும். அதனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் வேகம் குறையும். இரண்டு தாவலில் ஏறத்தாழ பாதியாகிவிடும். செய்திக்கும் குரலுக்கும் இது போதும். சினிமா பார்க்க உதவாது.

நம் ஊரின் தன்மை

சமவெளி என்பது நமக்குச் சாதகம். ஆனால் வைஃபை அலைக்குப் பார்வைக்கு எட்டும் நேர்வழி தேவை. தென்னந்தோப்பின் ஈர ஓலைகள் அலையை உறிஞ்சிவிடும். நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள், தறிக்கூடங்கள் ஆகியவற்றின் தகரக் கூரை அலையை மறைத்துவிடும். ஆகவே கருவியை அறைக்குள் வைக்காமல் மொட்டை மாடியில், மழை படாத பெட்டியில் வைப்பது நல்லது. ஒரு வீட்டின் மாடியிலிருந்து பார்த்தால் அடுத்த முனை தெரிய வேண்டும். கடும் இடிமழையின்போது மாடிக் கருவியின் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள்.

மின்சாரத்துக்கும் நம் ஊரிலேயே வழி இருக்கிறது. பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. லாரி பேட்டரியும் 12 வோல்ட் அளவில்தான் கிடைக்கிறது. 40 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும், 8 வாட் எடுக்கும் ரவுட்டர் சுமார் 30 மணி நேரம் ஓடும். ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் அழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். எனவே நேராக மாட்டாமல், நடுவில் 12 வோல்ட்டாகச் சீராக்கும் சிறு கருவி ஒன்றை வைக்க வேண்டும். ஊரிலுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் செய்து கொடுப்பார்.

சட்டமும் அமானிதமும்

தெருவுக்குள் மட்டும் பேசும் மெஷ்ஷுக்கும், இணையத்தைப் பகிர்வதற்கும் வேறுபாடு உண்டு. உங்கள் பெயரில் உள்ள இணைப்பைத் தெருவுக்கே திறந்துவிட்டால், அதில் யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். காசுக்கு இணையம் விற்பதற்கு அரசின் விதிகள் உள்ளன. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின் கீழ், கடைக்காரர்கூட உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை வழங்கலாம். பகிர விரும்புவோர் அந்த வழியில் செல்வதே பாதுகாப்பு.

பழைய அட்-ஹாக் முறையில் கடவுச்சொல் பாதுகாப்பு பலவீனமானது; பலர் அதை இல்லாமலே இயக்குகிறார்கள். 802.11எஸ் முறையில் வலுவான கடவுச்சொல் வசதி உண்டு. முடிந்தால் அதையே பயன்படுத்துங்கள். எது இருந்தாலும், அண்டை வீட்டாரின் செய்தி நம் வீட்டுக் கருவி வழியாகச் செல்கிறது என்பதை மறக்கக்கூடாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை எட்டிப் பார்க்காமல் இருப்பது நம் கடமை. கணினி அறிந்த இளைஞர்களுக்கு இதை வீட்டில் பெற்றோரே எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளத்துக்கு முன்பே

வெள்ளம் வந்த பிறகு மெஷ் கட்ட முடியாது. அப்போது மென்பொருளைப் பதிவிறக்க இணையமே இருக்காது. மழைக்காலத்துக்கு முன்பு, ஒரு தெருவில் மூன்று முனைகளோடு தொடங்குங்கள். அதைக் கவனிக்க இரண்டு பேரைப் பழக்குங்கள். ஒருவர் வெளியூர் போனாலும் இன்னொருவர் இருப்பார். மாதம் ஒருமுறை வீட்டு இணையத்தை அணைத்துவிட்டு, தெருக்கோடி வீட்டுக்குச் செய்தி போகிறதா என்று பாருங்கள். முஸ்லிம்கள் மட்டும் வாழும் தெரு என்று எதுவும் தேவையில்லை. அண்டை வீட்டார் அனைவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ஒரு வீடு விடுபட்டால் அதற்கு அப்பால் உள்ள எல்லோருக்கும் வழி அடைபடும்.

தனியாக ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் மெஷ் எதற்கும் பயன்படாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கருவியை அணைக்காமல் வைத்திருந்தால்தான் நம் செய்தி போகும். நாம் வைத்திருந்தால்தான் அவருடைய செய்தி போகும். அந்த ஒப்பந்தத்தை இந்த வாரமே பேசி முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.