மூன்று தரம் சொன்ன பிறகு
(இணையச் சந்தை – 11)

நேரடி ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று முடிக்கும்போது, கேட்டவர் எதிரிலேயே நிற்கிறார். நாலு பேர் பார்க்கிறார்கள். பணம் கட்டாமல் நழுவினால் அடுத்த ஏலத்தில் தலைகாட்ட முடியாது. இணைய ஏலத்தில் கடிகாரம் நின்றதும் திரையில் ஒரு புனைபெயர் மட்டும் தெரிகிறது. மறுநாள் பணம் வராது. செய்தி அனுப்பினால் பதிலும் வராது. பொருள் அலமாரியிலேயே கிடக்கும்.

1995-இல் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னால் ஈபே ஆனது. முன்பின் தெரியாதவர்களிடம் நாணயத்தை எப்படி எதிர்பார்ப்பது? வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி கருத்து எழுதும் ஏற்பாட்டை 1996-இல் கொண்டுவந்தார். பணம் கட்டாதவருக்கு அங்கே கரும்புள்ளி விழும். ஆனால் புள்ளி வாங்கியவர் பதிலுக்கு விற்றவருக்கும் ஒன்று வைத்தார். பழிக்குப் பழி பெருகியதால், வாங்குபவருக்கு எதிர்மறைக் கருத்து எழுதும் உரிமையை 2008-இல் விற்பவர்களிடமிருந்து ஈபே எடுத்துவிட்டது. விற்பவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். மிரட்டலுக்கு அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் அவர்களிலும் இருந்தார்கள்தான். ஆனால், ஏமாற்றியவரைப் பற்றி அடுத்த வியாபாரியை எச்சரிக்க இருந்த வெளிப்படையான வழி அதோடு அடைபட்டது.

இப்போதுள்ள முறை எளியது. பணம் கட்ட வாங்குபவருக்கு 4 நாள். அதற்குள் கட்டாவிட்டால், ‘பணம் வரவில்லை’ என்று காரணம் காட்டி விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம். அது கேட்டவர் கணக்கில் பதிவாகும். விற்பனைக் கட்டணம் விற்றவருக்குத் திரும்பும். இப்படிப் பதிவு ஏறியவர்கள் தன் ஏலத்தில் கேட்கவே முடியாதபடி முன்கூட்டியே தடுக்கவும் வசதி உண்டு. இந்த அமைப்பைத் தொடாமலேயே வருடக்கணக்கில் விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கே போய் அதை மாற்றிவிடுங்கள்.

ஆனால் முன்பணம் வாங்கும் ஏலத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தட்டிக் கொடுப்பதுதான். அந்த முன்பணமும் கேட்கும் விலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 2025 நவம்பரில் ஹரியானாவில் ‘எச்ஆர் 88 பி 8888’ என்ற வாகன எண் இணைய ஏலத்தில் 1.17 கோடி ரூபாய்க்குப் போனது. கேட்டவர் கெடுவுக்குள் பணம் கட்டவில்லை. பங்கேற்க அவர் கட்டியிருந்தது சுமார் 11,000 ரூபாய்; கேட்ட விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய தொகையை இழக்கத் தயாராக இருப்பவரை எது தடுக்கும்?

கடனுக்காகக் கைப்பற்றிய சொத்தை வங்கி ஏலம் விடும்போது நிலைமை வேறு. சர்ஃபாசி சட்ட விதிகளின்படி ஏலம் எடுத்தவர் விலையில் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மிச்சத்துக்கு 15 நாள். தவறினால் கட்டியது பறிபோகும். தமிழ்நாட்டில் ஒருவர் 12.27 கோடிக்கு ஒரு சொத்தைக் கேட்டு, சுமார் 3 கோடியைக் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கட்ட முடியாமல் நின்றார். வங்கிக்கு உண்மையில் நேர்ந்த இழப்பு வரை மட்டுமே பிடிக்கலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, முழுத் தொகையையும் பிடித்தது செல்லும் என்றது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் அங்கே வெறுமனே விளையாட்டுக்குக் கேட்க யாரும் துணிய மாட்டார்கள்.

பழைய கேமரா விற்பவரால் 25 சதவீதம் கேட்க முடியாது. அவர் கையில் மிஞ்சுவது இரண்டாவதாகக் கேட்டவர்தான். ஈபேயில் அவருக்கு ‘இரண்டாவது வாய்ப்பு’ அனுப்பலாம். நல்ல ஏற்பாடு, ஆனால் விலையில்தான் வில்லங்கம்.

ஒரு கேமராவுக்கு மூன்று பேர் கேட்கிறார்கள். ஒருவர் 50 டாலர் வரை, இன்னொருவர் 90 வரை, மூன்றாமவர் 200 வரை தரத் தயார் என்று தளத்திடம் சொல்லி வைக்கிறார்கள். தளம் ஒவ்வொருவருக்காகவும் தேவையான அளவு மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். 200 சொன்னவர் 91 டாலருக்கு வெல்வார், பிறகு காணாமல் போவார். அவர் வராமலே இருந்திருந்தால், 90 வரை தயாராக இருந்தவர் 51 டாலருக்கு எடுத்திருப்பார். இரண்டாவது வாய்ப்போ அவருக்கு 90 டாலர் விலை சொல்கிறது. பணம் கட்டாதவர் ஏற்றிவிட்ட 39 டாலரை, தப்பே செய்யாதவர் சுமக்க வேண்டியிருக்கிறது. விலையை ஏற்றிவிட விற்பவரே ஆள் வைத்தாரோ என்று அவர் சந்தேகப்பட்டால் என்ன தவறு?

அதனால் இரண்டாமவருக்கு எழுதும்போது நடந்ததை மறைக்காதீர்கள். வென்றவர் பணம் கட்டவில்லை, ரத்து செய்துவிட்டேன், அவரை நீக்கிக் கணக்குப் போட்டால் உங்களுக்கு 51 டாலர்தான் வந்திருக்கும் என்று சொல்லுங்கள். அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லையென்றால் வாய்ப்பே அனுப்ப வேண்டாம்; பொருளை மறுபடி ஏலத்தில் போடுங்கள். போடும் முன், ஓடிப்போனவரின் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.