கேரவன் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பியில் வெப்பநிலை 40.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பிரிட்டனில் அதுவரை பதிவானதிலேயே அதுதான் உச்சம். அதே லிங்கன்ஷயரின் ஸ்கெக்னஸ் கடற்கரையில்தான் விடுமுறைக்குத் தங்கும் வண்டிவீடுகளான கேரவன்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

செங்கல் சுவர் சூடேற நேரமாகும். கேரவன் சுவரோ மெல்லிய தகடும் நுரையும்தான். வெப்பத்தை வாங்கித் தாங்க அதில் கனமில்லை. அகன்ற ஜன்னல்கள் வழியே வெயில் நுழைந்து மெத்தையையும் தரையையும் சுடவைக்கிறது. அவை உள்காற்றைச் சுடவைக்கின்றன. உள்ளே திரை போட்டால் போதாதா? போதாது. ஜன்னலைத் தாண்டிய வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. மறைப்பை வெளிப்புறம் கட்டுங்கள், கூரைத் திறப்பைத் திறந்து வையுங்கள்.

இந்தச் சூடு குழந்தைகளை எளிதில் தாக்கும். அவர்களுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். காற்று உடலைவிடச் சூடானால் அந்தப் பரப்பு முழுவதும் வெப்பம் உள்ளே இறங்கும். அவர்களுக்கு வியர்வையும் குறைவு. கைக்குழந்தைக்குத் தாகம் என்று சொல்லவும் தெரியாது. ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.