அட்டை அசல், ஆள்தான் கெட்டவன்

யுத்த காலத்தில் கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போன கதையை வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். சோதனைச் சாவடி வந்தால் எல்லாரும் இறங்கி அடையாள அட்டையை நீட்டவேண்டும். சரியென்றால்தான் மறுபடி ஏறலாம்.

நம் உடம்புக்குள்ளும் அப்படிச் சோதனை உண்டு. யுத்தம் முடிந்தும் எடுக்கப்படாத சாவடி! அங்கே நிற்பது டீ கலம், வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை. கிருமி புகுந்த கலத்தைக் கண்டால் கொன்றுவிடும். எதிர்ப்பட்டதையெல்லாம் கொன்றால் நம் கதி என்ன? அதனால் அதன் மேற்பரப்பில் ஒரு பிரேக் இருக்கிறது, பெயர் பிடி-1. எதிரில் உள்ள கலம் பிடிஎல்-1 என்ற புரதத்தை அட்டைபோல நீட்டும். அது பிரேக்கில் பொருந்தியதும் டீ கலம் அடங்கிவிடும்.

1992இல் ஜப்பானின் கியோட்டோவில், தசுக்கு ஹொன்ஜோவின் ஆய்வுகூடத்தில் பிடி-1 அகப்பட்டது. கலம் தானாகச் சாவதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்றெண்ணி, 'திட்டமிட்ட சாவு' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் பெயராக வைத்தார்கள். பிறகுதான் பிரேக் என்று தெரிந்தது. பெயர் போகவில்லை, நம் ஊர்ப் பட்டப்பெயர் மாதிரி. தமிழில் மட்டும் பொருந்திவிட்டது: பிரேக்கைப் பிடி!

புற்றுநோய்க் கலமும் இதே அட்டையை நீட்டித் தப்பிவிடும். கள்ள அட்டையா? இல்லை, அதுதான் சூட்சுமம். புற்றுநோய்க் கலம் வெளியாள் அல்ல, கெட்டுப்போன நம் கலமே. அந்தப் பிரேக்கை அட்டை தொடவிடாமல் மூடும் மருந்துகள் 2014இல் பாவனைக்கு வந்தன. 2018இல் ஹொன்ஜோவுக்கும் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சதையியில் மட்டும் இந்த மருந்து பெரும்பாலும் தோற்றுப்போகிறது. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சதையி, உங்கள் அடிமட்டத்தில் பாதி நீளம்தான், சுமார் 15 சென்ரிமீற்றர். மீனுக்குச் சொல்வதுபோலத் தலை, உடல், வால் என்றே வைத்தியர்கள் அதைப் பிரிப்பார்கள். அங்கு வரும் புற்றுநோய் பத்தில் ஒன்பது ஒரே வகை. அந்தக் கட்டியைச் சுற்றி நார் இழையம் முள்வேலிபோல அடர்ந்திருக்கும், டீ கலம் உள்ளே நுழையவே சிரமப்படும். சோதிக்க ஆளே வராத சாவடியில் அட்டை இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

சதையிப் புற்றுநோயில் மிச்சமுள்ளவை அரிய வகைகள். அவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. எது அட்டை வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்கவேண்டும். கட்டியின் ஒரு துண்டை மெழுகில் பதித்துச் சீவுவார்கள். சீவல் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மருதமுனைத் தறிக்காரர் நூலுக்குச் சாயம் போடுவதுபோல இதற்கும் சாயம் போடுவார்கள். ஆனால் இந்தக் கபிலச் சாயம் அட்டை இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டும், ஏனென்றால் அட்டையைத் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரி முன்னே போய் உட்கார்ந்திருக்கும். நோயாளிகள் குறைவு என்பதால், பல வைத்தியசாலைகளில் வருடக்கணக்காகச் சேர்ந்த மெழுகுத் துண்டுகளைத் தேடி எடுக்கவேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பொறுமைக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

அடினோஸ்குவாமஸ் என்ற அரிய வகையில் இரண்டு விதக் கலங்கள் கலந்திருக்கும். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால், சில கட்டிகளில் ஒருவிதக் கலங்களின் ஓரமெல்லாம் கபில வளையம். பக்கத்திலேயே மற்றவிதக் கலங்கள், வளையமே இல்லாமல், நீலக் கருவோடு மட்டும். ஒரே கட்டிக்குள் பாதிப் பேர் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மற்றவர்கள் கையை விரிக்கிறார்கள்.