நூலைப் பரப்பும் புது வழி

நூல் எழுதுவோர் தம் நூலுக்குத் தாமே வாசகரைத் தேடிச் செல்வது புதிய வழக்கமன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளிப்படுத்துமுன், தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் பொருள் வேண்டி அன்பர் பலரிடம் கையொப்பம் பெற்றார். 'நூல் வெளிவந்ததும் இத்தனை பிரதிகள் வாங்கிக்கொள்வோம்' என்று முன்கூட்டியே எழுதித் தருவதற்குத்தான் அக்காலத்தில் கையொப்பம் என்று பெயர். பாரதியாரோ 1920-ஆம் ஆண்டில் கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துக்களை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது அவர் திட்டம். அதற்கென நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் விலைபோவதைக் காட்டிலும் விரைவாகத் தம் நூல்கள் விலைபோகும் என்ற உறுதி அவருக்கு இருந்தது. திட்டம் நிறைவேறவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவரும் மறைந்தார்.

பாரதியார் போட்ட கணக்கில் பிழை எங்கே? வாசகர் இல்லாமற் போகவில்லை. பிற்காலத்தில் அவர் நூல்கள் வீடுதோறும் புகுந்தன. அந்த வாசகரை எட்டுதற்குரிய வழிதான் அன்று அவர் கையில் இல்லை. தபாற்காரர் கொண்டு செல்லும் முகவரிகளே அச்சுற்றறிக்கையின் எல்லையாக இருந்தன. அந்த எல்லை இன்று உடைந்துவிட்டது. உடைத்தவை சமூக ஊடகங்கள்.

சமூக ஊடகம் என்பது யாது? கடிதம், ஒருவர் கூற ஒருவர் கேட்பது. செய்தித்தாளும் வானொலியும், ஒருவர் கூறப் பலர் கேட்பவை. முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப், புலனம் முதலியவற்றிலோ, கேட்டவர் ஒவ்வொருவரும் அடுத்த கணமே கூறுபவராகவும் மாறலாம். இந்த ஒரு வேற்றுமையை மனத்திற்கொண்டால், நூல் விற்பனையில் இவை செய்துள்ள விந்தைகளும் செய்யத் தவறியவையும் எளிதில் விளங்கும்.

கனடாவில் வளர்ந்த பஞ்சாபிப் பெண்மணி ரூபி கவுர், தம் சிறு கவிதைகளையும் தாமே வரைந்த கோட்டோவியங்களையும் இன்ஸ்டாகிராமில் வெளியிட்டு வந்தார். 2014-ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்து, 'பாலும் தேனும்' எனப் பொருள்படும் தலைப்பில் தம் சொந்த முயற்சியால் நூலாக்கினார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் அதை ஏற்று வெளியிட்டது; பல இலட்சம் பிரதிகள் விற்றன. அக்கவிதைகளின் தரம் பற்றி ஆங்கில விமர்சகரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அஃது எவ்வாறாயினும், அவர் செய்த ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 'என் நூலை வாங்குங்கள்' என்று அவர் கூவவில்லை; கவிதையையே முதலில் கொடுத்தார். படித்தவர்கள் தம் தோழியருக்கு அனுப்பினர். நூல் வந்தபோது வாசகர் ஏற்கெனவே காத்திருந்தனர்.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் வியப்புக்குரியது. மேடலின் மில்லர் என்னும் அமெரிக்க ஆசிரியை, கிரேக்கரின் டிராய்ப் போரைத் தழுவி எழுதிய 'அக்கிலீசின் பாடல்' எனும் பொருளுள்ள நாவல் 2011-இல் வெளிவந்தது. 2012-இல் அதற்கு ஆரஞ்சுப் பரிசும் கிடைத்தது. பின்பு ஏனைய நூல்களைப்போல் அதுவும் அமைதியாக அலமாரியில் இடம்பெற்றது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில், படிப்போரை விம்மியழச் செய்யும் நூல்கள் இவை என்று வாசகி ஒருவர் டிக்டாக்கில் ஒரு சிறு காட்சி வெளியிட்டார். இந்நாவலும் அவற்றுள் ஒன்று. அதைக் கண்டவர் வாங்கிப் படித்து, அழுத முகத்தோடு தாமும் காட்சி வெளியிட்டனர். 2021-இல் அந்நாவல் வாரத்துக்குச் சுமார் 10,000 பிரதிகள் விற்றது. பரிசு பெற்ற நாளில் விற்றதைப்போல் இஃது ஒன்பது மடங்கு. இதில் நூலாசிரியைக்குப் பங்கே இல்லை. கோலின் ஹூவர் என்பார் 2016-இல் எழுதிய நாவலும் இவ்வாறே ஐந்தாண்டு கழித்து, டிக்டாக் வாசகியரால் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது.

ஆசிரியர் பேசுவதைவிட வாசகர் வாசகரிடம் பேசுவதே நூலை விற்கிறது என்பது இவற்றால் புலனாகும். இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. புகழ்பெற்ற பாடகி பில்லி ஐலிஷ் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் வாழ்க்கைப் படங்கள் அடங்கிய நூலொன்றை வெளியிட்டார். அப்போது இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்ந்தவர் 9 கோடியே 70 இலட்சம் பேர். அவ்வாண்டு இறுதிக்குள் அமெரிக்காவில் விற்ற பிரதிகள் ஏறத்தாழ 64,000. வகுத்துப் பார்த்தால் 1,500 பேருக்கு ஒரு பிரதி. பின்தொடர்வோர் தொகையை நம்பி ஏராளமான முன்பணம் கொடுத்த பதிப்பகத்தார்க்கு இக்கணக்கு கசந்திருக்கும். பாட்டுக் கேட்பவர், படம் பார்ப்பவர், நூல் படிப்பவர் எல்லாரும் ஒரே ஆள் அல்லர் என்பதை அவர்கள் முன்பே எண்ணியிருக்கலாம்.

ஆசிரியரே முன்னின்று வெற்றி கண்ட நிகழ்ச்சிகளும் இல்லாமலில்லை. அவற்றுள் தலையாயது பிராண்டன் சாண்டர்சன் செய்தது. மாயக்கதைகள் எழுதும் இவ்வமெரிக்கர், பெருந்தொற்றுக் காலத்தில் ஒருவருமறியாமல் நான்கு நாவல்களை எழுதி முடித்தார். 2022 மார்ச்சில் யூடியூபில் தோன்றிச் செய்தியை உடைத்தார். முன்பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையக் களத்தில் முப்பது நாளில் 10 இலட்சம் அமெரிக்க வெள்ளி வேண்டுமென்று கேட்டார். முடிவில் 1,85,341 பேர் சேர்ந்து தந்தது 4 கோடியே 17 இலட்சம் வெள்ளி! சாமிநாதையர் வாங்கிய கையொப்பமும் இதுவும் முறையால் ஒன்றே. ஆயினும், ஒரு காட்சியைக் கண்டதும் இத்தனை பேரும் பணப்பையைத் திறந்தனர் என்று கருதுதல் தவறு. அதற்கு முன் பல ஆண்டுகளாக அவர், எழுதிக்கொண்டிருக்கும் நூல் எந்த அளவில் உள்ளது என்பதை வாசகர்க்கு இடைவிடாது தெரிவித்து வந்தார்; பல்கலைக்கழகத்தில் கதையெழுதும் கலைபற்றித் தாம் நடத்திய பாடங்களையும் இலவசமாக யூடியூபில் இட்டு வைத்தார். பல்லாண்டு விதைத்ததை முப்பது நாளில் அறுத்தார் எனலாம்.

இனி, இவ்வழியிலுள்ள இடர்களையும் நோக்குவோம். முதலாவது, சந்தை நம்முடையதன்று. முகநூலில் ஓர் எழுத்தாளரை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், அவர் எழுதுவது அந்த ஆயிரவருக்கும் போய்ச் சேர்வதில்லை. எவர்க்கு எதைக் காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் கணினிக் கணிப்பே முடிவு செய்கிறது. மேலும் பலர்க்குக் காட்ட வேண்டுமாயின் காசு கட்டுதல் வேண்டும். ரூபி கவுர் 2015-இல் வெளியிட்ட ஒளிப்படம் ஒன்றை இன்ஸ்டாகிராம் இருமுறை நீக்கியது; கண்டனம் எழுந்த பின்னரே மன்னிப்புக் கூறி மீண்டும் இட்டது. 2020 ஜூனில் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தபோது, அதில் பெயர் பெற்றிருந்தோர் ஒரே இரவில் தம் கூட்டத்தை இழந்தனர். 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் அச்செயலி ஓரிரவு இருண்டு, மீண்டது.

இரண்டாவது, பொய். புகழ்ச்சியை விலைக்கு வாங்குவோர் உளர்; இகழ்ச்சியை விதைப்போரும் உளர். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு புது எழுத்தாளர், பொய்ப் பெயர்கள் பல பூண்டு, தம்மைப்போல் முதல் நூல் வெளியிடவிருந்த பிறர் நூல்களுக்கு வாசகர் தளமொன்றில் தாழ்ந்த மதிப்பெண் இட்டார். குட்டு வெளிப்பட்டது. பதிப்பகம் அவருடைய நூலையே வெளியிட மறுத்துவிட்டது.

மூன்றாவது இடர் பொழுது. ஒரு நாளில் மூன்று மணி நேரம் விளம்பரத்துக்குப் போனால், எழுதுவதற்கு எஞ்சுவது எவ்வளவு? வேலைக்குச் சென்று திரும்பி இரவில் எழுதும் நம் எழுத்தாளர்க்கு இஃது அற்பக் கேள்வியன்று.

நம் மலேசிய நாட்டு நிலைமை யாது? இங்கே தமிழ் நூல் ஒன்று 500 அல்லது 1,000 பிரதிகள் அச்சிடப்படுவதே பெருவழக்கு. மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா நடைபெறும். தலைமையுரை, வாழ்த்துரை, நூலாய்வு, பொன்னாடை எல்லாம் உண்டு. முதல் நூலைப் பெற்றுக்கொள்ளும் பெருமகனார் உறையில் தரும் அன்பளிப்பால் அச்சுக்கடன் தீரும். இம்முறையைக் குறைகூறுவதற்கில்லை, இந்நாட்டுத் தமிழிலக்கியம் பட்டுப்போகாமல் காத்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால், பிரதியைப் பெற்றுச் சென்றவருள் எத்தனை பேர் படித்தனர்? கடனைத் தீர்த்த விழா வாசகரை ஈட்டித் தந்ததா?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து மண்டபங்கள் பூட்டப்பட்டபோது, விழாக்கள் சூமுக்கும் முகநூல் நேரலைக்கும் மாறின. மண்டபத்துக்கு ஒருநாளும் வந்திராத வெளியூர்க்காரரும் வீட்டிலிருந்தே கேட்டனர். கதவு திறந்தவுடன் பலர் பழைய முறைக்கே திரும்பினர். இன்று நம்மவருட் பலர் முகநூலில் செய்வதென்ன? மாலையும் பொன்னாடையுமாக நாற்பது படங்கள் வெளியிடுகின்றனர். நூலின் ஒரு பக்கத்தைக்கூடக் காட்டுவதில்லை. விலை என்ன, தபாற்செலவு எவ்வளவு, பணத்தை எங்ஙனம் செலுத்துவது என்ற மூன்று செய்திகளையும் தேடித்தான் பிடிக்க வேண்டியுள்ளது. தமிழ்ப் புத்தகக் கடையே இல்லாத சிற்றூரில் இருக்கும் வாசகர்க்குப் பொன்னாடைப் படத்தால் ஆவதென்ன?

சான்றாக, ஒரு ரப்பர்த் தோட்டத்து வாழ்வைப் பற்றிய நாவல் வெளிவருவதாகக் கொள்வோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின், அங்கு வாழ்ந்த குடும்பங்கள் நகரங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆயினும், ஒரே தோட்டத்தார் பலர் புலனக் குழு வைத்துக்கொண்டு, திருவிழாச் செய்தியும் இறப்புச் செய்தியும் பரிமாறிக்கொள்கின்றனர். பெரட்டுக் களத்தையும் பால்மரக் காட்டையும் பற்றிய ஒரு பத்தியை, ஆசிரியரே தம் குரலில் இரண்டு நிமிடம் படித்து அக்குழுவுக்கு அனுப்பினால், கேட்பவர் 'இது நம் கதையன்றோ' என்பார். அடுத்த தோட்டத்துக் குழுவுக்கும் தாமே அனுப்புவார். 500 பிரதிகளுக்கு வேண்டிய வாசகர் அக்குழுக்களில் உளர். பள்ளியின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

அவ்வாறு வரும் வாசகரைக் காத்துக்கொள்வது எப்படி? பிறர் சந்தையில் கண்ட வாசகரின் முகவரியை ஆசிரியர் தம் கைக்குறிப்பில் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். 'தி மார்ஷியன்' என்ற நாவலை எழுதிய ஆண்டி வியர் கணினிப் பணியாளர். பதிப்பகத்தார் தம் எழுத்தை ஏற்காமையால், தம் சொந்த இணையப் பக்கத்திலேயே அந்நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, படிக்க வந்தவர்க்கு மின்னஞ்சலில் செய்தி அனுப்பி வந்தார். வாசகருள் இருந்த அறிவியல் வல்லார் அவர் கணக்குகளில் கண்ட பிழைகளைத் திருத்தி எழுதினர். மின்னூலாகவும் வேண்டும் என்று அவர்கள் கேட்க, அமேசான் அனுமதித்த மிகக் குறைந்த விலையாகிய 99 காசுக்கு அதை விற்பனைக்கு வைத்தார். மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள் விற்றன. 2014-இல் பெரும் பதிப்பகமொன்று அதை வெளியிட்டது. 2015-இல் திரைப்படமும் வந்தது. அம்மின்னஞ்சற் பட்டியலில் இருந்தவர் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களைச் சேர்க்க அவருக்குப் பத்தாண்டு பிடித்தது.