மரத்தில் வட்டத் துவாரம்

ஒலிபெருக்கி பதிப்பதற்காகப் பலகையில் 100 மில்லிமீட்டர் விட்டத்தில் துவாரமிட்டபோது விளிம்பு கருகிப் புகைந்ததென்றும், அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்துவிட்டதென்றும் ஓர் அன்பர் வருந்தி எழுதியிருக்கிறார். டிரில்லில் மாட்டிச் சுழற்றும் 'ஹோல்சா' என்னும் உருளை ரம்பத்தை நம்மில் பலர் அறிவோமாயினும், அதன் சுபாவத்தை அறிந்தவர் சிலரே.

அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் துளைக்கம்பிக்குப் புராதனமான சரித்திரம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்திய நூல் இயற்றிய கெல்சஸ், மண்டையோட்டைத் துளைக்கும் உருளை ரம்பத்தை வர்ணிக்கையில், அது வழுக்காதிருக்க மையத்தில் ஒரு முள் வேண்டுமென்றும், பற்கள் எலும்பில் தடம் பதித்ததும் அந்த முள்ளை அகற்றிவிட வேண்டுமென்றும் விதித்திருக்கிறார். தச்சு வேலையிலோ அந்த மையத் துளை இறுதிவரை உதவுகிறது. கம்பியின் நுனி மறுபுறம் எட்டிப் பார்த்தவுடன் நிறுத்தி, பலகையைப் புரட்டி, அதே துளையில் கம்பியைச் செலுத்தி அறுத்தால், இரு முகங்களிலும் நார்கள் வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டுப்படுவதால் சிம்பு பெயர்வதில்லை.

என்னை மிகவும் வசீகரிப்பது தூளின் விஷயம். அறுபட்ட தூள் வெளியேற மார்க்கமின்றிக் குறுகிய வட்டப் பள்ளத்திலேயே தங்கி, பற்களோடு சுழன்று உராய்ந்து உஷ்ணமடைவதே கருகலுக்கு முக்கிய காரணம். ஆகவே முதலில் ரம்பத்தால் வட்டத்தை இலேசாகக் கீறிக்கொண்டு, அக்கீறலின் வெளிவிளிம்பைத் தாண்டாமல், கழிந்துபோகும் உட்பாகத்தை ஒட்டி 10 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையை ஊடுருவ இட்டுவிட்டால், தூள் அதன் வழியே பொலபொலவென்று கீழே உதிர்ந்து, பற்கள் சுத்தமாக அறுக்கின்றன. இத்தனை எளிய உபாயத்தைச் செய்யாமல் கருவியை நிந்திப்பது நியாயமன்று.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர்க் களத்தில் போரடிக்கையில், முளையருகில் உள்ள மாடு மெல்ல நடக்க, வெளிக்கோடி மாடு ஓட்டமும் நடையுமாகச் சுற்றிவரும். ரம்பத்தின் பற்களும் அவ்வாறே. நிமிஷத்துக்கு 1000 சுற்றில், 25 மில்லிமீட்டர் ரம்பத்தின் பல் சுமார் 79 மீட்டர் ஓடினால், 100 மில்லிமீட்டர் ரம்பத்தின் பல் 314 மீட்டர் ஓடுகிறது. விட்டம் பெருகப் பெருகச் சுழற்சியைத் தணிக்க வேண்டுமென்பது இதனால் விளங்கும். வேகத்தை முழுமையாகத் திறந்துவிட்டு, உடல் பாரத்தையும் அதன்மேல் சுமத்துவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. பல் மழுங்குவதும் மரம் பாழாவதும் அதனால்தான். பெரிய ரம்பம் திடீரென மரத்தில் சிக்கினால் மணிக்கட்டையே முறுக்கிவிடும். பலகையை மேஜையோடு இறுகப் பிணைத்து, பக்கக் கைப்பிடியுள்ள டிரில்லை இரு கைகளாலும் பற்றிக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.